படர்தாமரைக்கு உரம் போட்ட கதை

ஏலே பேராண்டி, இங்கன வா. காலையில பஸ்ஸ விட்டு எறங்குனதுலேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். பேண்ட்டுப் பைக்குள்ள கைய விட்டுச் சில்லறை தேடுத, தேடுத, தேடிக்கிட்டே இருக்க. டீக்கடை பெஞ்சுல உக்காந்தாலும் தேடுத. கோயில்ல சாமிக்குத் தீவாரணை காட்டும்போதும் தேடுத. ஒங்க காலத்துல காசெல்லாம் போனுக்குள்ளல்லா இருக்கு? பையில ஏதுலே அம்புட்டுச் சில்லறை?

உக்காரு. திண்ணையில எடம் கெடக்கு. கொஞ்சம் தள்ளி உக்காரு. இன்னுங்கொஞ்சம். ஆங், போதும். தப்பா நெனைக்காத. எனக்கு 80 தாண்டியாச்சு. இந்த வயசுல புதுச் சொத்து எதுவும் சேக்கிறதா உத்தேசம் இல்ல.

அரிப்புதான? தொடையிடுக்குதான? தரையப் பாக்காத, என்னையப் பாரு. வட்ட வட்டமா செவந்து, ஓரத்துல மேடு கட்டி, நடுவுல ஆறிப்போன மாதிரி கெடக்கா? ராத்திரி வேத்தா உயிர் போகுதா? அதும்பேரு படர்தாமரை. பேரு வைக்கிறதுல நம்மாளுக்கு இருக்க ரசனையப் பாத்தியா? சொறி பிடிச்ச வியாதிக்குப் போயி தாமரைன்னு வச்சிருக்கான். கொளத்துல ஒரு கெழங்கப் போட்டா மறுவருசம் தண்ணி கண்ணுல படாதுல்லா, அந்தப் படர்ச்சியப் பாத்து வச்ச பேரா இருக்கும். வெள்ளக்காரன் மோதிரப் புழுன்னு வச்சான். அவனுக்கு ரசனையும் இல்ல, விசாரணையும் இல்ல. அதுல புழுவும் கெடையாது, பூச்சியும் கெடையாது. அடைமழைக்கு அழுகுன கட்டையில காளான் பூக்குல்லா, அந்த வம்சம்தான். கண்ணுக்குத் தெரியாத தினுசு. நம்ம தோலுலயும் நகத்துலயும் மயிருலயும் கெராட்டின்னு ஒரு சரக்கு இருக்காம். அதான் அதுக்குச் சாப்பாடு. நடுவுல நம்ம ஒடம்பு போராடி வெரட்டிவிட்டா, அது வரப்போரமா நகந்து மேயும். அதான் வட்டம் பெருசாகிக்கிட்டே போவுது. ஆட்டு மந்தை மேஞ்ச தரிசப் பாரு, நடுவுல மொட்டை, மந்தை நிக்கிறது ஓரத்துலதான்.

சரி, என்ன போட்ட? ஒண்ணும் போடலியா? பொய் சொல்லாதலே. அந்தச் சட்டைப்பையில துருத்திக்கிட்டு இருக்கது என்ன, லட்டா? எடு வெளிய.

ட்யூபு. நெனச்சேன். மருந்துக்கடையில போயி நின்னிருப்ப. கூட்டம் கலையட்டும்னு ஓரமா நின்னு, கடைசியில காதுகிட்டப் போயி, 'அண்ணே, அரிப்புக்கு ஏதாச்சும் குடுங்க'ன்னு சொல்லிருப்ப. எங்க அரிக்கு, எத்தன நாளா அரிக்குன்னு அவனும் கேட்டிருக்க மாட்டான், நீயும் சொல்லிருக்க மாட்ட. அவனுக்கு யாவாரம் தெரியும். அரிப்புன்னு வாரவன் நின்னு நாயம் பேச மாட்டான், பில்லு கேக்க மாட்டான், பேரஞ்சொல்ல மாட்டான். அப்படி ஒரு நல்ல கிராக்கி வேற எந்த யாவாரத்துல கெடைக்கும், சொல்லு.

அந்தக் கண்ணாடிய எடு. இந்த எழுத்து அடிச்சவன் எறும்புக்குத்தான் அடிச்சிருக்கான். க்ளோபெட்டசால், நியோமைசின், மைக்கோனசோல். ஆகா. மூணு பேரு கூட்டுச் சேந்து வந்திருக்காவ. மைக்கோனசோல் இருக்கானே, அவன் காளானக் கொல்ல வந்த ஆளு. நல்லவன்தான், கொஞ்சம் சாது. நியோமைசின் பாக்டீரியாவக் கொல்லுறவன். அவனுக்கு இங்க சோலியே கெடையாது, கல்யாண வீட்டுல கூட்டத்தோட கூட்டமா பந்தியில உக்காந்து எந்திரிச்சுப் போற சாதி. மிச்சம் இருக்கான் பாரு க்ளோபெட்டசால், அவன்தான் ஸ்டீராய்டு. தோலுல பூசுற ஸ்டீராய்டுலயே ஆகப் பலசாலி. ஒன் அரிப்ப ரெண்டே நாள்ல நிறுத்துனது அந்த மகராசன்தான்.

எப்படி நிறுத்துனாங்கதுதான் கதை. வீட்டுல நாய் வளக்கோம். திருடன் வந்தா கொரைக்கும். ஒடம்புல செவக்கிறது, அரிக்கிறது, தடிக்கிறது எல்லாம் அந்த நாய் கொரைக்கிற சத்தம். இந்த ஸ்டீராய்டு என்ன செய்யும்னா, திருடன வெரட்டாது, நாய்க்கு மயக்க மருந்து வச்சிரும். சத்தம் ஓஞ்சதும் நீ, 'ஆகா, திருடன் போயிட்டான்'ன்னு போர்வைய இழுத்து மூடிக்கிட்டுப் படுத்துருவ. அவன் சாவகாசமா அடுக்களைக்குப் போயி, பழையத எடுத்துத் தின்னு, ஊறுகாயும் கேப்பான். பூசுறத நிறுத்தி ஒரு வாரத்துல நாய் முழிச்சு, ஊரே கேக்கக் கொரைக்கும். நீ என்ன செய்வ? இன்னொரு ட்யூபு வாங்குவ. காளானுக்கு உரம் போட்டு, தண்ணி பாய்ச்சி, காவலும் இருக்க. காசு மட்டும் ஒன்னுது.

நம்மூர்ல ஒரு பெரிய மனுசன் இருந்தாரு கேட்டியா. இருந்தாரு என்ன, இருக்காரு. அவருக்கும் இடுப்புல இப்படித்தான் ஒரு அரையணா அளவுல வந்துச்சு. டாக்டர்ட்ட காட்ட வெக்கம். வேட்டிய வெலக்கணும்லா? அதனால டவுனுக்குப் போவும்போதெல்லாம் ஒரு ட்யூபு. பீரோவுல நெலப் பத்திரத்துக்குப் பின்னால ஒளிச்சு வச்சுப் பூசுவாரு. ஒண்ணு, ரெண்டுன்னு பதினாலு ட்யூபு ஓடிருச்சு. அரையணா தோசைக்கல்லாச்சு. தோசைக்கல்லு ரெண்டு பக்கமும் எறங்கித் தொடையப் பிடிச்சு, பின்பக்கம் ஏறி முதுகுக்கு வந்துச்சு. வட்டமும் இல்ல, ஓரமும் இல்ல, என்ன நோவுன்னு பாக்கிறவனுக்கே அடையாளம் தெரியாம வேசங்கட்டி நின்னுச்சு. பூசுன எடத்துல தோலு வெங்காயச் சருகு மாதிரி மெலிஞ்சு, தொடையிடுக்குல வரி வரியா, மழையத்த கரிசக்காடு வெடிக்குல்லா, அப்படி வெடிச்சுப் போச்சு. அந்த வரி இன்னமும் இருக்கு. அது போகாது.

அதோட விட்டுச்சா? பெரிய மனுசன் சம்சாரத்துக்கு வந்துச்சு. மடியில ஏறி வெளையாண்ட பேத்திக்குக் கன்னத்துல வந்துச்சு. அப்பவும் மனுசன், 'வெயில் சூடு'ன்னே சாதிச்சாரு.

சிரிக்காதலே. உள்ள ஒங்க ஆச்சி இருமுறா பாரு. அவளுக்கு அந்தப் பெரிய மனுசன் யாருன்னு தெரியும்.

கடைசியில ஆச்சிதான் கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டு ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போனா. தோலுக்குன்னு தனியா பாக்காவ. சின்ன வயசு டாக்டரம்மா, நம்ம பேத்தி வயசுதான் இருக்கும். 'என்ன தாத்தா போட்டீங்க?'ன்னு கேட்டாவ. நான் ஒரு ராஜதந்திரத்தோட, 'தேங்காண்ணதான் தாயி'ன்னேன். அந்தம்மா தொடைய ஒரு பார்வ பாத்துட்டு, 'தேங்காண்ணக்கு இப்படி வரி விழாது தாத்தா, ட்யூபு எத்தன?'ன்னாவ. ஒங்க ஆச்சி வெரலு விட்டு எண்ணிக் காட்டுறா, ரெண்டு கை பத்தாம என் கையையும் சேத்து.

பெறவு ஒரு மழுங்குன பிளேடு வச்சு ஓரத்துல லேசாச் சொரண்டி, அந்தத் தவிட்டக் கண்ணாடிச் சில்லுல வச்சு, ஏதோ காரத்தண்ணி ஒரு சொட்டு விட்டு, மைக்ராஸ்கோப்புல பாத்தாவ. 'நீங்களும் பாருங்க'ன்னாவ. பாத்தேன். நூல் நூலா, கணுக் கணுவா, அருகம்புல்லு வேரு மாதிரி ஓடிக் கெடக்கு. என் இடுப்புல இம்புட்டு வெளைச்சலா! காட்டுல கூட நமக்கு இப்படி வெளைஞ்சதில்ல.

அந்தம்மாதான் வெவரமாச் சொன்னாவ. நம்ம நாட்டுல இப்ப ஓடுற இந்தக் காளான் பழைய ஆளு இல்லியாம். ஜப்பான்ல ஒரு இந்தியாக்காரர்ட்டயும் ஒரு நேபாளக்காரர்ட்டயும் இருந்து எடுத்துப் பாத்து, 2020ல அதுக்கு டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியேன்னு பேரு வச்சிருக்கானாம். இண்டோன்னா நாமதாம்லே. நம்மூர்லேர்ந்து நிலாவுக்கு ராக்கெட்டு போச்சு, ஜப்பானுக்குச் சொறி போச்சு. முன்ன ரெண்டு வாரத்துல கேட்டுக்கிட்டு இருந்த டெர்பினாஃபின் மாத்திரைக்கு இது பல பேருகிட்ட மசிய மாட்டேங்காம். ஏன் இப்படிக் கொழுத்துச்சுன்னு கேட்டா, இந்த மூணு பேரு கூட்டுக் களிம்ப நாடு முழுக்க அள்ளிப் பூசுனதும் ஒரு காரணம்னு தோல் டாக்டருங்க ரொம்ப நாளாச் சத்தம் போடுதாவ. 2018லயே மத்திய அரசு, 'இந்த ஸ்டீராய்டுக் களிம்பெல்லாம் டாக்டர் சீட்டு இல்லாம விக்கப்படாது'ன்னு உத்தரவு போட்டிருக்கு. உத்தரவு அட்டையில செவப்புக் கோடா இருக்கு. ட்யூபு ஒன் சட்டைப்பையில இருக்கு.

ஒடனே ஸ்டீராய்டுன்னாலே வெசம்னு ஊரெல்லாம் போயி தமுக்கடிக்காத. ஒங்க அக்கா பிள்ளைக்கு மொழங்கை மடக்குலயும் மொழங்கால் மடக்குலயும் கரப்பான் வந்து கெடக்குல்லா, அதுக்கு அந்த டாக்டரம்மாவே லேசான ஸ்டீராய்டுக் களிம்புதான் எழுதுனாவ. இத்தன நாளு, இம்புட்டு அளவு, இந்த எடம்னு கணக்குப் போட்டு. குளிச்சு ஈரம் காயுறதுக்குள்ள வாசலினோ தேங்காண்ணயோ தடவி, தோலு காயாமப் பாத்துக்கிடச் சொன்னாவ. பிள்ள இப்ப நல்லாத் தூங்குது. அருவா ஒண்ணுதாம்லே. நெல்லும் அறுக்கலாம், காலையும் அறுத்துக்கிடலாம். காளான் இருக்க எடத்துல அத வீசுனதுதான் ஒன் புத்திசாலித்தனம்.

இப்பக் கேளு, என்ன செய்யணும்னு. மொதல்ல இந்த ட்யூபத் தூக்கி எறி. எறிஞ்சதும் நாலு நாள்ல அரிப்பு ஊழித்தாண்டவம் ஆடும். அப்பத்தான் பாதிப் பேரு பயந்துபோயி மறுபடி பழைய ட்யூபுட்டயே சரணாகதி ஆயிருதான். நீ ஆவாத. தோல் டாக்டர்ட்ட போ. போயி, எத்தன ட்யூபுங்கத ஒளிக்காமச் சொல்லு. நான் பட்ட அவமானம் ஒனக்கு வேண்டாம். காளானுக்கு மட்டுமே உள்ள களிம்பு குடுப்பாவ. அத வட்டத்துக்குள்ள மட்டும் பூசப்படாது. ஓரத்துக்கு வெளிய ரெண்டு விரக்கடை தள்ளி நல்ல தோலுலயும் சேத்துப் பூசணும். ஏன்னு கேளு. மந்தை ஓரத்துலதான நிக்கி? மருந்த நடுவுல மட்டும் வச்சு என்ன பிரயோசனம்?

மாத்திரையும் குடுப்பாவ. கல்லீரல்ல கோளாறு இருக்கா, வேற மாத்திரை திங்கியான்னு கேப்பாவ. உள்ளதச் சொல்லு, சனிக்கிழம ராத்திரிக் கணக்கையும் சேத்து. இந்த எழவு ஒரு வாரத்துல தீராது. ஒரு மாசம், ஒண்ணரை மாசம், சமயத்துல அதுக்கு மேலயும் ஆவும். எனக்கு மூணு மாசம் ஆச்சு, பதினாலு ட்யூபு கடனுக்கு வட்டி. பாத்தா ஒண்ணுமே தெரியல, சுத்தமாப் போயிருச்சுன்னு தோணும். அப்பயும் ரெண்டு வாரம் விடாமப் பூசணும். கோரைய மேலாக அரிஞ்சுட்டு, 'களை எடுத்தாச்சு'ன்னு வரப்புல படுத்துத் தூங்குனவன் காடு என்னாச்சுன்னு ஒனக்குத் தெரியாது. நீ எங்க வயலப் பாத்த? போனுல பாத்திருப்ப.

ரூம்ல எத்தன பேரு இருக்கிய? நாலு பேரா. துண்டு எத்தன? முழிக்காதலே, கேட்டதுக்குப் பதில் சொல்லு. நாலு பேருக்கு ரெண்டு துண்டா! பேஷ், கூட்டுக்குடும்பம் அழிஞ்சு போச்சுன்னு எவம்லே சொன்னான்? ஒருத்தன் ஜட்டியும் இன்னொருத்தன் பனியனும் ஒரே வாளியில ஊறும், ஒரே பாயில நாலு பேரும் உருளுவிய. நாலு பேருக்கும் அரிக்கும், நாலு பேரும் தனித்தனியா வெக்கப்பட்டு, தனித்தனியா ட்யூபு வாங்குவிய. போயி எல்லாத்தையும் ஒண்ணா டாக்டர்ட்ட இழுத்துக்கிட்டுப் போ. நீ மட்டும் வைத்தியம் பாத்தா, ஓட்டைப் படகுல ஒன் பக்கம் மட்டும் தண்ணி எறைக்க கதைதான்.

அந்தப் பேண்ட்டு, அதத் தொவச்சு எத்தன நாளாச்சு? தொவச்சா சாயம் போயிருமா? போட்டும். சாயம் போறதுக்கா தொடைய அடகு வச்ச? தடிச் சாக்குத் துணி. வேத்தா காயாது. காளானுக்கு ஈரமும் புழுக்கமும் இருந்தா அதவிட சொர்க்கம் கெடையாது. தொளதொளன்னு பருத்தித் துணியாப் போடு. உள்ளுடுப்பு தெனம் மாத்து. குளிச்சதும் இடுக்கெல்லாம் நல்லாத் தொடச்சுக் காயவிட்டுப் பெறவு துணி உடுத்து. துணியத் தனியா சுடுதண்ணியில தொவச்சு, உள்பக்கத்த வெளிய திருப்பி, மத்தியான வெயில்ல போடு. தேச்சுப் போட்டா இன்னும் நல்லது. 'வேட்டி கட்டுனா காத்தோட்டம், ஒண்ணும் வராது'ன்னு பெருமையாச் சொல்லத்தான் எனக்கும் ஆசை. வாய் வர மாட்டேங்கு, என்ன செய்ய.

அரணாக்கயிறு கட்டிருக்கியா? எத்தன வருசமா அதே கயிறு? அந்தம்மா என் கயிறப் பாத்துட்டு, 'தாத்தா, காளான் குடியிருக்க வீடு இதுதான், அறுத்து எறிங்க'ன்னாவ. ஒங்க ஆச்சி விடலியே. ஆம்பள இடுப்பு வெறுமன இருக்கப்படாதுன்னு ஒரே அழுகை. கடைசியில வெள்ளி அரைஞாண்ல சமாதானம் ஆச்சு. தெனம் கழத்திக் கழுவி மாட்டுதேன். பேத்திய கட்டிக்குடுத்தப்பக் கூட அம்புட்டு வெள்ளி வாங்கல.

ஆச்சி இன்னொண்ணும் செஞ்சா. கத்திரிக்காயும் கருவாடும் கரப்பான் பண்டம்னு மூணு மாசம் கண்ணுலயே காட்டல. நானும் டாக்டரம்மாட்ட கெஞ்சாத கொறையாக் கேட்டேன், 'தாயி, காளானுக்கும் கருவாட்டுக்கும் ஏதாச்சும் உறவு உண்டா?'ன்னு. 'ஒரு உறவும் இல்ல, சாப்பிடுங்க'ன்னாவ. அத ஒரு சீட்டுல எழுதித் தரச் சொல்லிருக்கணும். புத்தி பெறவுதான் வந்துச்சு.

நாட்டு மருந்தக் கொற சொல்லுத ஆளு நான் இல்ல. வண்டுகொல்லி எலை இருக்குல்லா, சீமை அகத்தின்னும் சொல்லுவாவ. அதுல காளானுக்கு எதிரான சரக்கு உண்டுன்னு படிச்சவனே ஒத்துக்கிடுதான். எங்கய்யா காலத்துல அரையணா அளவுல வந்ததுக்கு அத அரச்சுப் பூசி ஆத்திருக்காவ. தோசைக்கல்லு அளவுக்கு, அதுவும் உரம் போட்டு வளத்ததுக்கு, எலை என்னலே செய்யும்? ஆனா வேற சில கெட்டிக்காரங்க இருக்கானுவ. பச்சப் பூண்ட அரச்சு வச்சுக் கட்டி, தோலு வெந்து கொப்புளிச்சுப் போயிப் படுத்தவன் நம்ம கீழத்தெருவுலயே உண்டு. எலுமிச்சம்பழத்தப் பிழிஞ்சு தேச்சுக்கிட்டு வெயில்ல போயி நின்னவன் கருகுன தோலோட வந்தான். மண்ணெண்ண தடவுனவன் பீடி பத்த வைக்கப் போயிட்டான். நல்லவேள, அவன் பொண்டாட்டி தீப்பெட்டியப் பிடுங்கிட்டா.

அதுக்காக அரிக்கதெல்லாம் படர்தாமரைன்னு நெனச்சுக்கிடாத. போன மாசம் மேலத்தெருவுல ஒரு வீட்டுல ராத்திரி பத்து மணிக்கு மேல விருந்தாளி தங்க மாட்டேங்கான். ஏன்னு பாத்தா, வெளக்க அணச்சதும் ஏழு பேரும் சேந்து சொறியுறாவ. கோரைப் பாயி பின்னுத மாதிரி சத்தம். வெரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குளு, தொப்புளச் சுத்தி, பொடிப்பொடியா. அதான் சொறி செரங்கு. இது காளான் இல்ல, நெசமாவே பூச்சி. அரை மில்லிமீட்டருக்கும் சின்னது. பொட்டப் பூச்சி தோலுக்குள்ள பொந்து பறிச்சு முட்டையிடும். ஒரு ஆளு ஒடம்புல வழக்கமா இருக்கது 10, 15 பூச்சிதானாம். யோசிச்சுப் பாரு, பதினஞ்சு உருப்படி ஒரு முழு ஆளு தூக்கத்தக் கெடுக்கு. நம்ம பஞ்சாயத்து மெம்பர்களே தேவல.

அந்த வீட்டுக்காரன் ஒரு கருமி. 'அரிப்பு அதிகமா இருக்க ரெண்டு பேருக்கு மட்டும் மருந்து போதும்'ன்னான். ரெண்டு பேரும் ஆறுனாவ, மிச்ச அஞ்சு பேருகிட்ட இருந்து பத்தே நாள்ல திரும்ப வாங்கிக்கிட்டாவ. இதுல என்ன வெவகாரம்னா, மொதத் தடவ பூச்சி ஏறி நாலு, ஆறு வாரம் வரைக்கும் அரிப்பே தெரியாது. 'எனக்கு ஒண்ணும் இல்ல'ங்கவன்தான் பண்ணையே நடத்துவான். அதனால வீட்டுல உள்ள அத்தன பேரும் ஒரே ராத்திரியில பூசணும். பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பு, கழுத்துலேர்ந்து உள்ளங்கால் வரைக்கும், வெரலிடுக்கு, நகக்கண்ணு ஒண்ணு விடாம. ராத்திரி பூசி, காலையில குளிக்கணும். ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவ. கைக்கொழந்தைக்கும் என்னைய மாதிரிக் கெழட்டுக்கும் தலை, மொகத்துக்கும் சேத்துப் பூசச் சொல்லுவாவ. டாக்டரக் கேட்டுக்கிடணும். பாயி, போர்வை எல்லாம் சுடுதண்ணி, வெயிலு. தொவைக்க முடியாதத ஒரு பிளாஸ்டிக் பையில கட்டி நாலஞ்சு நாள் மூலையில போட்டுரு. மனுசத் தோலு இல்லாம ரெண்டு மூணு நாளுக்கு மேல அது தாக்குப் பிடிக்காது. ஆனா ஒண்ணு, பூச்சி செத்த பெறவும் ரெண்டு மூணு வாரம் அரிப்பு மிச்சம் இருக்கும். பூச்சி போச்சு, வழக்கு நிக்கி. அதப் பாத்துட்டு மருந்து கேக்கலன்னு தெனம் பூசுனா தோலு புண்ணாப் போவும்.

காணாக்கடி வேற. திடீர்னு ஒடம்பெல்லாம் தட்டுத் தட்டா வீங்கும், அங்கன மறையும், இங்கன கெளம்பும். ஒரு தடிப்பு ஒரு நாளைக்கு மேல ஒரே எடத்துல நிக்காது. அதான் அடையாளம். எது கடிச்சுதுன்னு காணாததால காணாக்கடி. பாதிக்கு மேல எதுவுமே கடிச்சிருக்காது. ஆச்சி கம்பளியத் தேச்சுவிட்டு மந்திரிப்பா. அது தானா மறையும்போது பேரு ஆச்சிக்குப் போவும். செட்ரிசின் மாதிரி ஒரு மாத்திரையில அடங்கும். ஆனா ஒதடு வீங்குது, நாக்கு தடிக்கு, மூச்சு திணறுதுன்னா கம்பளியத் தேடிக்கிட்டு நிக்காத, 108க்கு அடி.

வேர்க்குருவுக்குப் பவுடர மூட்ட மூட்டயாக் கொட்டுதியே, வேர்வை வார வழி அடைச்சுத்தான் அது வந்ததே. மேல மேல அடைச்சா? நுங்கு வாங்கு. தோலுல தேச்சாலும் சரி, தின்னாலும் சரி, எனக்கும் ரெண்டு வாங்கு.

அக்கி வந்தவனப் பாத்திருக்கியா? ஒரு பக்கமா மட்டும், மாராப்பு போட்ட மாதிரி பட்டையா கொப்புளம் வரும். எரிச்சல்னா எரிச்சல், மொளகா அரச்ச கை கண்ணுல பட்ட மாதிரி. சின்ன வயசுல வந்த அம்மை நரம்புக்குள்ள ஒளிஞ்சு கெடந்து, வயசான காலத்துல பழைய பாக்கி கேட்டு வாரது. நம்மூர்ல வேளார்ட்ட போயிக் காவி கொழைச்சு அக்கி எழுதிக்கிடுவாவ. எனக்கும் எழுதுனாரு, வெலாவுல ஒரு சிங்கம். கம்பீரமான சிங்கம், ஆனா வாலு கொஞ்சம் பல்லி மாதிரி இருந்துச்சு. மனசுக்கு ஒரு தெம்புதான், இல்லேங்கல. ஒடஞ்ச கொப்புளத்து மேல மட்டும் எழுத விடாத, சீழ் பிடிச்சிரும். ஆனா கொப்புளம் கெளம்பி மூணு நாளைக்குள்ள டாக்டர்ட்ட போயி அசைக்ளோவிர் மாத்திரை வாங்கித் தின்னுரணும். தள்ளிப் போட்டா கொப்புளம் ஆறுன பெறவும் எரிச்சல் மாசக்கணக்குல நிக்கும். நான் சிங்கத்த நம்பி ஒம்பது நாள் இருந்துட்டேன். அந்தச் சிங்கம் ஆறு மாசம் கடிச்சுச்சு. கண்ணுப் பக்கம், மூக்கு நுனியில வந்தா மூணு நாள்னு கூட இருக்கப்படாது. அன்னைக்கே ஓடணும், பார்வை போயிரும்.

சின்ன மகள் கல்யாணத்துக்கு மீசைக்குக் கருப்பு மை அடிச்ச கதைய ஆச்சி ஒனக்குச் சொல்லிருப்பா. அந்த மை தோலுக்கு ஒத்துக்கிடாம மேல் ஒதடு தேன்குழலு மாதிரி வீங்கி, கல்யாணப் போட்டோ எல்லாத்துலயும் துண்ட வச்சு வாயப் பொத்திக்கிட்டு நிக்கேன். பாக்கிறவன், மகளப் பிரியுற துக்கம்னு நெனச்சுக்கிட்டான். அப்படியே இருக்கட்டும்.

இங்க பாரு, இப்ப வெளையாட்டுக்குச் சொல்லல. அரிக்கிற தோலுக்குப் பயப்படாத, அது வாய் உள்ள பிள்ள, அழுதாவது சொல்லிரும். அரிக்கவும் செய்யாம, வலிக்கவும் செய்யாம, வெளுப்பாவோ செம்பு மாதிரியோ ஒரு திட்டு கெடந்து, அதுல நெல்லுமணி வச்சுக் குத்துனாலும் தெரியலன்னு எவனாச்சும் சொன்னா, அவனக் கையோட ஆரம்ப சுகாதார நெலையத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போ. தொழுநோயா இருக்கலாம். பேரக் கேட்டதும் ஒதுங்காத. மருந்து இலவசம், ஆறு மாசமோ பன்னெண்டு மாசமோ ஒழுங்காத் தின்னா தீந்து போற நோவு. லேட்டாப் போனவனுக்குத்தான் வெரலு மடங்குது. எங்க கூட்டாளி ஒருத்தன், சட்டிச் சூடு பட்டும் தெரியலன்னு ரெண்டு வருசம் அதப் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். நாங்களும் வாயப் பொளந்து கேட்டுக்கிட்டு இருந்தோம்.

சரி, எந்திரி. நாளைக்குக் காலையில ஆறரை வண்டிக்குப் போனா ஓ.பி. சீட்டு சீக்கிரம் கெடைக்கும். வேட்டிய எடுத்துக் கட்டிக்கோ, அங்க போயி பேண்ட்டோட மல்லுக்கு நிக்காத. இன்னைக்குப் போயி நல்லாக் குளி. நாரு போட்டுப் பறண்டாம, சோப்ப லேசாத் தடவிக் குளி. கெணத்தடிக் கொடியில ஆச்சி ஒனக்குன்னு புதுத் துண்டு போட்டிருக்கா, பச்சைக்கரை போட்டது. ஊரு போய்ச் சேருற வரைக்கும் அதான் ஒனக்கு.

என்னது, காலையிலயே குளிச்சிட்டியா? எந்தத் துண்டுலலே தொடச்ச? நில்லு, போவாத. காவிக்கரைத் துண்டா? முக்குல ஒரு சுங்குடி முடிச்சு இருக்குமே, அதா?

ஏட்டி, இங்கன வா. அந்த வெந்நியப் போடு!